நாள்தோறும் நடந்தும் விழுவது ஏன்?

நாள்தோறும் காலையில் முக்கால் மணி நேரம் தவறாமல் நடக்கின்ற முதியவர்கள்கூடக் குளியலறை வாசலில் கால் இடறி, இடுப்பெலும்பு முறிந்து எங்கள் துறைக்கு வருகின்றனர். உடன் வரும் குடும்பத்தார் பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர்: “ஒரு நாள் விடாமல் நடப்பாரே டாக்டர், அவருக்கு எப்படி இப்படி ஆயிற்று?”

இக்கேள்வி நியாயமானது. இதயத்திற்கும், இரத்த அழுத்தத்திற்கும், இரத்தச் சர்க்கரைக்கும் நடையைப் போன்ற எளிய, செலவில்லாத மருந்து வேறில்லை. ஆயினும், இடறிய காலை உரிய நேரத்தில் முன்வைத்து ஊன்றி உடலைத் தாங்கிக்கொள்வது வேறொரு திறன். மூளையும் நரம்புகளும் தசைகளை உரிய அளவில், உரிய நேரத்தில், உரிய வரிசையில் இயக்குகின்ற அத்திறனையே நரம்புத்தசைக் கட்டுப்பாடு என்கிறோம். அதன் ஒவ்வொரு கூற்றையும் ஒவ்வொரு வகைப் பயிற்சி வளர்க்கிறது. எந்தப் பயிற்சி எதனைத் தரும், எதனைத் தராது என்பதை நோயாளிகளும் குடும்பத்தாரும் அறிந்திருப்பது பல எலும்பு முறிவுகளைத் தவிர்க்க உதவும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, கீழே விழுவதால் ஆண்டுதோறும் உலகில் ஏறத்தாழ 6,84,000 பேர் உயிரிழக்கின்றனர். தற்செயலான காயங்களால் நேரும் இறப்புகளில் சாலை விபத்துகளுக்கு அடுத்த இடம் இதற்கே உரியது. உயிரிழப்போரில் 60 வயதைக் கடந்தவர்களே மிகுதி.

நரம்பும் தசையும் இணைந்து செயல்படும் விதம்

தசை தானாகச் சுருங்குவதில்லை. மூளையிலிருந்து புறப்படும் கட்டளை தண்டுவடத்தில் உள்ள இயக்க நரம்பணுவை அடைகிறது. அந்நரம்பணுவின் நீண்ட இழை தசைக்குள் நுழைந்து, பல கிளைகளாகப் பிரிந்து, தசையிழைகளைச் சென்று தொடுகிறது. ஒரு நரம்பணுவும் அதன் ஆளுகைக்கு உட்பட்ட தசையிழைகளும் சேர்ந்ததே ஓர் ‘இயக்க அலகு’. 1932ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற ஆங்கிலேய அறிவியலாளர் சார்லஸ் ஷெரிங்டன் இக்கருத்தை வகுத்தளித்தார். கண்ணை அசைக்கும் தசைகளில் ஒரு நரம்பணு சில இழைகளை மட்டுமே ஆள்கிறது. ஆகவே அங்கு அசைவு மிக நுட்பமாக இருக்கிறது. கெண்டைக்கால் தசையிலோ ஒரே நரம்பணு ஆயிரத்திற்கும் மேற்பட்ட இழைகளை ஆளக்கூடும்.

இந்த அலகுகள் எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. சிறிய அலகுகள் முதலிலும், பெரியவை கடைசியிலும் அழைக்கப்படுகின்றன என்பதை எல்வுட் ஹென்னிமன் என்னும் அமெரிக்க அறிவியலாளர் 1965ஆம் ஆண்டு நிறுவினார். சிறிய அலகுகள் எளிதில் களைப்பதில்லை. ஆனால் அவற்றின் விசை குறைவு. பெரிய அலகுகள் விரைந்து, வலிமையுடன் சுருங்குகின்றன. ஆனால் விரைவில் களைத்துவிடுகின்றன. சமதரையில் நிதானமாக நடப்பதற்குச் சிறிய அலகுகளே பெரும்பாலும் போதுமானவை. கனமான பொருளைத் தூக்கும்போதும், படியில் தாவி ஏறும்போதும், இடறிய காலைச் சட்டென முன்வைக்கும்போதும்தான் பெரிய அலகுகள் களத்தில் இறங்குகின்றன.

இங்கேதான் முதுமையின் சிக்கல் இருக்கிறது. அறுபது வயதிற்குப் பின் இயக்க நரம்பணுக்களின் எண்ணிக்கை குறைகிறது. ஆதரவிழந்த தசையிழைகளில் சிலவற்றை அருகிலுள்ள நரம்பணுக்கள் தம் புதிய கிளைகளை நீட்டி ஏற்றுக்கொள்கின்றன, எஞ்சியவை அழிகின்றன. விரைந்து சுருங்கும் இழைகளே இதில் அதிகம் நலிவடைகின்றன. விழாமல் காக்க வேண்டிய அலகுகளே முதலில் தளர்கின்றன. நிதானமான நடை அவற்றை அரிதாகவே அழைக்கிறது.

கட்டளை செல்லும் பாதையைப் போலவே செய்தி வரும் பாதையும் முக்கியமானது. உடலின் நிலையை மூளை மூன்று வழிகளில் அறிகிறது: கண்கள், உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பு, உள்ளங்காலின் தோலிலும் தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்விகள். நீரிழிவினால் கால் நரம்புகள் பாதிக்கப்பட்டவர்களுக்கு மூன்றாவது வழி மங்கிவிடுகிறது. அவர்கள் கண்களையே பெரிதும் நம்பி நிற்கின்றனர். முகம் கழுவுவதற்காகக் கண்ணை மூடும்போதும், இரவில் விளக்கில்லாமல் எழும்போதும் அவர்கள் தள்ளாடுவதற்குக் காரணம் இதுவே. உங்கள் வீட்டில் எவரேனும் முகம் கழுவும்போது தள்ளாடுவதாகக் கூறினால், அதனை மருத்துவரிடம் தவறாமல் தெரிவியுங்கள்.

வலுவூட்டும் பயிற்சி தருவது என்ன?

“ஒரு மாதமாகப் பயிற்சி செய்கிறார், தொடை சிறிதும் பருக்கவில்லையே” என்று சிலர் மனம் தளர்வதுண்டு. தளர வேண்டியதில்லை. எடை தூக்கும் பயிற்சியைத் தொடங்கிய முதல் சில வாரங்களில் கூடும் வலுவின் பெரும்பகுதி நரம்பு மண்டலத்தின் மாற்றத்தால் வருவது என்பதை மோரிடானி, டிவ்ரீஸ் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1979ஆம் ஆண்டு காட்டினர். தசை பருப்பது அதன் பிறகே, ஏறத்தாழ மூன்று முதல் ஐந்து வாரங்களுக்குப் பின்னரே, முதன்மைக் காரணமாகிறது. முன்பு உறங்கிக் கிடந்த பெரிய அலகுகளை மூளை அழைக்கக் கற்கிறது. நரம்பணுக்கள் கட்டளைகளை மேலும் விரைவாக அனுப்பக் கற்கின்றன. எதிர்ப்புறத் தசை தேவையின்றி இறுகுவது குறைகிறது. அளவு நாடாவில் தெரியாத இம்மாற்றங்கள் நாற்காலியிலிருந்து எழும்போது தெரியும்.

நரம்பின் பங்கிற்கு மற்றுமொரு சான்று உண்டு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்கிரிப்சர் என்பவர் 1894ஆம் ஆண்டிலேயே ஒரு புதுமையைப் பதிவு செய்தார். ஒரு கைக்கு மட்டும் பயிற்சி அளித்தபோது, பயிற்சி பெறாத மறு கையின் வலுவும் கூடியது. ஒரு கால் மாவுக்கட்டில் இருக்கும் காலத்தில் மற்றொரு காலுக்குப் பயிற்சி தருமாறு நாங்கள் கூறுவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

“இந்த வயதிலா எடை தூக்குவது?” என்ற தயக்கமும் இயல்பே. 1990ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் முதியோர் காப்பகம் ஒன்றில் வாழ்ந்த, சராசரியாக 90 வயதுடைய 10 பேர் மருத்துவர்களின் மேற்பார்வையில் எட்டு வாரம் கால்களுக்குக் கடும் வலுப்பயிற்சி மேற்கொண்டனர். பயிற்சியை நிறைவு செய்த ஒன்பது பேரின் தொடை வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடைத் தசையின் பரப்போ ஏறத்தாழ 9 சதவீதமே கூடியிருந்தது. இவ்விரு எண்களுக்கும் இடையே உள்ள பெரும் வேறுபாட்டில் நரம்பு மண்டலத்தின் பங்கைக் காணலாம். தொண்ணூறு வயதிலும் நரம்புகள் கற்கின்றன.

சமநிலைப் பயிற்சி தருவது என்ன?

வலு இருந்தால் மட்டும் விழாமல் இருக்க முடியாது. உடலின் பாரம் பாதங்களின் எல்லையைத் தாண்டப் போகிறது என்பதை மூளை முன்னரே உணர்ந்து, கணுக்கால், இடுப்பு, முதுகு ஆகியவற்றின் தசைகளை வரிசையாக இயக்க வேண்டும். பாதங்களை நெருக்கி நிற்பது, ஒரு காலில் நிற்பது, பக்கவாட்டில் அடியெடுத்து வைப்பது, திரும்பி நடப்பது போன்ற பயிற்சிகள் இத்திறனை வளர்க்கின்றன. பற்றிக்கொள்ளாமல் நிற்கச் சற்றே சிரமப்பட வேண்டும்; சிரமமே இல்லையெனில் நரம்பு மண்டலம் புதிதாக எதையும் கற்பதில்லை. யோகாசனங்களில் நின்று செய்யும் விருட்சாசனம் போன்றவை இவ்வகையில் பயன்படும். அமர்ந்தும் படுத்தும் செய்பவை உடலை நெகிழ்வாக்கினாலும் நிற்கும் சமநிலையைப் பெரிதாக வளர்ப்பதில்லை.

இவ்வகைப் பயிற்சியின் இயல்பு ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். எதைப் பழகுகிறோமோ அதில்தான் தேர்ச்சி வருகிறது. ஆடும் பலகையொன்றின் மீது நின்று பழகியவர் அப்பலகையில் திறமை பெறுகிறார். வேறொரு கருவியின் மீது ஏற்றினால் அத்திறமை பெரும்பாலும் உடன் வருவதில்லை. ஆகவே, வாழ்க்கையில் எங்கெங்கு விழக்கூடுமோ அங்கு செய்யும் அசைவுகளையே பழக வேண்டும்: வாசற்படியைத் தாண்டுவது, பேருந்தின் உயரமான படியில் ஏறுவது, தரையில் அமர்ந்து எழுவது, கையில் தண்ணீர்ச் செம்புடன் திரும்புவது. பக்கவாத நோயாளிகளுக்கும் இதே விதி பொருந்தும். தேநீர்க் குவளையை எடுக்கும் திறன் திரும்ப வேண்டுமாயின், குவளையையே பலமுறை எடுத்துப் பழக வேண்டும்.

கவனத்தைப் பகிர்வதும் ஒரு பயிற்சியே. சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 1997ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் எளிய ஆய்வில், நடந்துகொண்டிருக்கும் முதியவரிடம் பேச்சுக் கொடுத்தனர். பதில் சொல்வதற்காக நடையை நிறுத்தியவர்களில் பெரும்பாலோர் அடுத்த ஆறு மாதங்களுக்குள் விழுந்தனர். நடையே முழுக் கவனத்தையும் எடுத்துக்கொண்டால், எதிர்பாராத இடறலுக்கு மூளையில் இடமிருப்பதில்லை. சமநிலை ஓரளவு தேறியவர்கள் எண்களைத் தலைகீழாகச் சொல்லிக்கொண்டு நடக்க நாங்கள் பழக்குவது இதன் பொருட்டே.

விரைவின் தேவை

ஒரு தசை தன் முழு வலுவை எட்டுவதற்கு 300 மில்லிநொடிகளுக்கும் மேலாகும். இடறியவருக்குக் காலை ஊன்றக் கிடைப்பதோ ஏறத்தாழ அரை நொடிதான். எனவே, எவ்வளவு வலு இருக்கிறது என்பதைப் போலவே அது எவ்வளவு விரைவில் வெளிப்படுகிறது என்பதும் முக்கியம். வயது ஏறும்போது வலுவைக் காட்டிலும் விரைவான விசையே வேகமாகக் குறைகிறது. இதனை மீட்க, வலுப்பயிற்சியின் ஒரு பகுதியை விரைந்து செய்ய வேண்டும்: நாற்காலியிலிருந்து விரைவாக எழுந்து, மெதுவாக அமர்வது எளிய முறை. முதலில் சில வாரங்கள் நிதானமாகச் செய்து வலுப்பெற்ற பின்னரே விரைவைக் கூட்ட வேண்டும்.

இளையோருக்கும் இது பொருந்தும். கபடி, பூப்பந்து, கால்பந்து ஆடுவோருக்கு முழங்காலின் முன்சிலுவைத் தசைநார் கிழிவது பெரும்பாலும் கால் தரையைத் தொட்ட 50 மில்லிநொடிகளுக்குள் நிகழ்ந்துவிடுகிறது. அதற்குள் எந்த அனிச்சைச் செயலும் காலைக் காக்க இயலாது. கால் தரையைத் தொடும் முன்பே தசைகள் ஆயத்தமாக இருக்க வேண்டும். தாவி இறங்கும்போது முழங்கால் உட்புறம் சாயாமல் இறங்கக் கற்றுத்தரும் பயிற்சிகள் இந்த ஆயத்தத்தைப் பழக்குகின்றன. நார்வேயில் 13 முதல் 17 வயதுடைய கால்பந்து வீராங்கனைகளிடம் இத்தகைய 20 நிமிடப் பயிற்சியை ஆட்டத்திற்கு முன் செய்வித்தபோது, கடுமையான காயங்கள் குறிப்பிடத்தக்க அளவு குறைந்ததை 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. தசைநார் அறுவை சிகிச்சைக்குப் பின் தொடைத் தசையை முழுமையாக இறுக்க முடியாமல் தவிப்பதும் சோம்பலன்று. வீங்கிய மூட்டிலிருந்து செல்லும் செய்திகள் தண்டுவடத்திலேயே அத்தசையின் நரம்பணுக்களை அடக்கிவிடுகின்றன. முறையான பயிற்சியால் இத்தடை படிப்படியாக விலகும்.

ஆய்வுகள் கூறுவது

காக்ரேன் என்னும் பன்னாட்டு மருத்துவ ஆய்வு அமைப்பு, வீட்டில் வாழும் முதியவர்களிடம் நடத்தப்பெற்ற 108 ஆய்வுகளை 2019இல் தொகுத்து ஆராய்ந்தது. பயிற்சி செய்தோரிடம் விழுதலின் எண்ணிக்கை மொத்தத்தில் 23 சதவீதம் குறைந்தது. சமநிலைப் பயிற்சியும் அன்றாடச் செயல்களை ஒத்த பயிற்சியும் செய்தோரிடம் 24 சதவீதமும், அவற்றுடன் வலுப்பயிற்சியையும் சேர்த்துச் செய்தோரிடம் ஏறத்தாழ 34 சதவீதமும் குறைந்தது. நடைப்பயிற்சியை மட்டுமோ, வலுப்பயிற்சியை மட்டுமோ முதன்மையாகச் செய்வது விழுதலைக் குறைக்கும் என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் உருவான வீட்டுப் பயிற்சித் திட்டமும் இதையே மெய்ப்பிக்கிறது. கால்வலு, சமநிலை, நடை ஆகிய மூன்றையும் இணைத்த அத்திட்டத்தால் முதியோர் விழுவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

உலக சுகாதார நிறுவனமும் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலில், 65 வயதைக் கடந்தோர் வாரத்தில் மூன்று நாளேனும் சமநிலையையும் வலுவையும் இணைத்த பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என்று கூறியுள்ளது. வாரம் 150 நிமிட மிதமான நடையுடன் கூடுதலாக இது செய்யப்பட வேண்டும்.

வீட்டிலேயே செய்யத்தக்க இரு சோதனைகள்

ஒன்று: கைப்பிடியில்லாத, சுவரை ஒட்டிய நாற்காலியில் அமர்ந்து, கைகளை மார்பின் மேல் குறுக்காக வைத்துக்கொண்டு, 30 நொடிகளில் எத்தனை முறை முழுமையாக எழுந்து அமர முடிகிறது என்று எண்ணுங்கள். 70 முதல் 74 வயது வரையிலான ஆண்கள் 12 முறைக்கும், பெண்கள் 10 முறைக்கும் குறைவாகச் செய்தால் கால்வலு சராசரிக்குக் கீழ் உள்ளது என்று கொள்ளலாம்.

இரண்டு: ஒரு பாதத்தின் குதிகால் மறு பாதத்தின் விரல் நுனியைத் தொடுமாறு ஒரே நேர்க்கோட்டில் வைத்து நிற்கச் செய்யுங்கள். 10 நொடி நிற்க இயலாதவர்களுக்கு விழும் ஆபத்து அதிகம். இரு சோதனைகளின்போதும் குடும்பத்தார் ஒருவர் அருகில் நிற்பது கட்டாயம்.

தொடங்குவதற்கு நான்கு பயிற்சிகள்

1. நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல்: 8 முதல் 12 முறை, சற்று ஓய்வுக்குப் பின் மீண்டும் ஒரு சுற்று. முடியாதோர் தொடக்கத்தில் கைகளை ஊன்றி எழலாம்.

2. சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகால்களை உயர்த்தி இறக்குதல்: 10 முதல் 12 முறை, இரு சுற்றுகள்.

3. மேடையருகே பாதங்களை நேர்க்கோட்டில் வைத்து நிற்றல்: இரு கை, பின் ஒரு கை, பின் ஒரு விரல் என்று பிடியைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அதன்பின் ஒரு காலில் நிற்கப் பழகலாம்.

4. மேடையை ஒட்டிப் பக்கவாட்டில் 10 அடி எடுத்து வைத்து, அதேபோல் திரும்பி வருதல்.

இவற்றை ஒரு நாள் விட்டு ஒரு நாள், வாரம் மூன்று முறை செய்தால் போதும். எடையைத் தூக்கும்போதும் எழும்போதும் மூச்சை அடக்கக் கூடாது. ஈரத்தரையிலும், வழுக்கும் காலணியுடனும் செய்யக் கூடாது.

அண்மையில் மாரடைப்பு, எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை ஆகியவற்றுக்கு உள்ளானவர்களும், கட்டுப்படாத இரத்த அழுத்தம், எழுந்து நின்றால் தலைச்சுற்றல், காலில் ஆறாத புண் ஆகியவை உடையவர்களும், கடந்த ஓராண்டில் ஒருமுறையேனும் விழுந்தவர்களும் மருத்துவரைக் கண்ட பின்னரே தொடங்க வேண்டும். பயிற்சியின்போது மார்பு வலியோ, மூச்சுத்திணறலோ, மயக்கமோ தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவமனைக்கு வர வேண்டும். உறக்க மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை போன்றவையும் தள்ளாட்டத்தை உண்டாக்கக்கூடும். மருந்துப் பட்டியலை உடன் கொண்டுவாருங்கள்.

குடும்பத்தாருக்கு

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதியவரை எழவே விடாமல், தண்ணீரையும் உணவையும் கட்டிலுக்கே கொண்டுசென்று கொடுப்பது நம் வீடுகளில் அன்பின் அடையாளம். அந்த அன்பை நாங்கள் மதிக்கிறோம். எனினும், உடல்நலம் வாய்ந்த முதியோரே பத்து நாள் படுக்கையில் கிடந்தால் கால்களில் ஏறத்தாழ ஒரு கிலோ தசையை இழக்கின்றனர் என்பதை 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. நோயுற்றவர் நிலை இதனினும் கடினம். மருத்துவர் தடை விதிக்காத வரையில், உணவுக்கு மேசை வரை அவரை நடத்திக் கூட்டிவாருங்கள். நாற்காலியிலிருந்து எழும்போது கையைப் பிடித்துத் தூக்காமல், அருகில் நின்று அவரே எழுவதற்கு நேரம் கொடுங்கள். அந்த ஒரு முயற்சியும் ஒரு பயிற்சியே.

நடைப்பயிற்சியை எவரும் கைவிட வேண்டா. அதனுடன் வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் 20 நிமிடம், வலுவுக்கும் சமநிலைக்கும் ஒதுக்குங்கள். அடுத்த முறை புறநோயாளர் பிரிவிற்கு வரும்போது மேற்கூறிய இரு சோதனைகளின் எண்களைக் குறித்துக்கொண்டு வாருங்கள். அவற்றைக் கொண்டு, எங்கள் இயன்முறை மருத்துவர்கள் உங்களுக்கு ஏற்ற பயிற்சிகளை வகுத்துத் தருவார்கள்.